ஓடையை மூடிய பாதை

மெல்போர்னில் எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மதியம் பத்துப் பன்னிரண்டு பேர் கம்பளத்தில் சம்மணமிட்டு, கண்ணை மூடி, பூமிக்காகத் துக்கப்படுகிறோம். அழிந்துகொண்டிருக்கும் உலகில் வாழ்வுக்கு என்ன அர்த்தம் என்று தேட நிறுவனமே செய்த ஏற்பாடு. மூலிகைத் தேநீரும் உண்டு. சோலார் பலகைகளை நிலத்தில் எங்கே நிறுத்துவது என்று வரைபடம் போடுவது என் வேலை.

போன ஐப்பசியில் அந்த வட்டத்தில் இருந்தபோது, கயத்தாறு பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பொன்னுத்தாய் அக்கா அழைத்தாள்.

“ஏலே, சோலார் கம்பெனிக்காரன் ரோடு போடுதேன்னு ஓடையை மூடுதான். மழை வந்தா கம்மாய்க்கு எப்படிலே தண்ணி வரும்? நாங்க ஜேசிபிக்கு முன்னால உக்காந்துட்டோம். நீ படம் போடுத ஆளுதானே, வந்து சொல்லு.”

வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். வட்டத்தை நடத்தும் எம்மா, கோபத்தை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். “என் அக்கா ஜேசிபிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்” என்றேன்.

“எவ்வளவு அழகான உருவகம்!” என்றார். எல்லோரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

உருவகமா? நாலு ஏக்கர் உளுந்தும் தேய்ந்த மூட்டும் உள்ள மனுஷி அவள். கம்மாய் வறண்ட வருஷம், தண்ணீர் சுமக்க எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். நான் மட்டும் படித்தேன். அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஓடைக்கரையில் கம்பெனியின் இளம் பொறியாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார். “மேப்புல ஓடையே இல்லையே அண்ணாச்சி.”

அவரை அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். ஆனால் கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் ஓடை வெறும் தரையாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட தரைகளின் மேல் நானே எத்தனை பாதைகள் இழுத்திருக்கிறேன்! வெயிலில் மின்சாரம் எடுக்கட்டும். அதற்கு ஓடையை ஏன் புதைக்க வேண்டும்?

ஊராரோடு நானும் உட்கார்ந்தேன். பாதைக்கு அடியில் குழாய் பதிக்கும் படத்தை வரைந்து கொடுத்தேன். ஒன்பதாம் நாள் கம்பெனிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். பத்து கேட்டோம், நாலு குழாய் பதித்தார்கள். மூடிப்போன மிச்ச ஓடையை மண்வெட்டியால் நாங்களே தோண்டினோம்.

நான் கிளம்பிய காலையில் மழை பிடித்தது. குழாய்களில் தண்ணீர் நுரைத்து ஓடியது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். “முழுசும் வராது. இந்த வெள்ளாமைக்குக் காணும்லே” என்றாள். என் ஆத்திரம் அடங்கவில்லை.

மெல்போர்ன் விமான நிலையத்தில் அதிகாரி என் ஷூக்களில் அப்பியிருந்த கரிசல் மண்ணைப் பார்த்தார்.

“எங்கே நடந்தீர்கள்?”

“வீட்டில்.”

அவர் படிவத்தைப் பார்த்தார். “வீடு இங்கே என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்?”

ஷூக்களைக் கழற்றிக் கொடுத்தேன். வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாது என்று அவற்றைக் கழுவ எடுத்துப் போனார். நான் வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நின்றேன்.