மச்சான் காரின் கதவு
ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கதவுகளை மூடிப் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கில் மூடுவேன். இடைவெளி ஒரு நூல் கூடினாலும் வண்டியைத் தள்ளி நிறுத்திவிடுவேன். அந்தத் திமிரில்தான், என் மனைவியின் அண்ணனிடம் இருந்த பழைய காரின் துருவை நானே சரிசெய்து தருகிறேன் என்றேன். அவரே ஓட்டிவந்து, வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். மச்சானுக்கு அந்தக் கார் என்றால் உயிர். அதன் சாவியை யாரிடமும் கொடுக்காதவர், என்னை நம்பிக் கொடுத்தார்.

டிரைவர் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகரப்பெட்டிதான் மிக மோசம். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. முன்னும் பின்னும் ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கி, இற்றுப்போனதை வெட்டியெடுத்தேன். புதுத் தகரத்தை மடித்துப் பொருத்தி, அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் வெல்டிங் வைத்தேன். முழுதாகப் பற்றவைக்கப்போன நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. வாயில் வந்தபடி திட்டினேன். சும்மா இருக்க முடியாமல் கதவை மூடிப் பார்த்தேன். மேல் மூலை இடித்தது. மூடவில்லை.

மறுநாள் ஞாயிறு, மச்சான் வண்டியைப் பார்க்க வருகிறார். லைனில் ஆயிரம் கதவை மூடுகிறவன், வெட்டுவதற்கு முன் இந்த ஒரு கதவை மூடிப் பார்க்கவில்லை. கம்பெனியில் பாடியை அசையாமல் பிடித்துக்கொள்ள இரும்புச் சட்டம் இருக்கும். அது இல்லாமல் இந்தத் தகரப்பெட்டியை வெட்டினால் வண்டி தொங்கும் என்ற யோசனையே எனக்கு வந்ததில்லை. மச்சானின் காரைப் பாழாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன்.

செல்போன் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க, ரெண்டு முனையிலயும் தூக்கிட்டு நடுவுல இருக்கறத வெட்டினா, தொங்காம இன்னா பண்ணும்?"

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் கோணலை அப்படியே நிரந்தரமாக ஒட்டியிருப்பேன். கரண்ட் வந்ததும் பொட்டுகளை அறுத்துவிட்டு, நடுவில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கதவின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் போதும் என்றாள். கதவைச் சாத்தி வைத்துக்கொண்டே முழுதாகப் பற்றவைத்தேன். ஆறியபின் ஜாக்கிகளை இறக்கி, கதவைத் திறந்து விரலால் தள்ளினேன். டப்பென்று மூடிக்கொண்டது. அப்பாடா என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியதை அவள் பார்த்தாள், கிண்டல் செய்யவில்லை.

மறுநாள் மச்சான் வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் விபூதியோடு வந்தார். வண்டியைச் சுற்றிவந்தார். ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினார். கதவைத் தள்ளிய கையோடு, திரும்பி இடுப்பால் ஓங்கி ஓர் இடி இடித்தார். கதவு அதற்குள் மூடியிருந்தது. வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வாங்கினதுலேர்ந்து இப்டி இடிச்சுதான் மூடிக்கினு இருக்கேன் மாப்ளே. இது தானா மூடுமா இன்னா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வேறெங்கோ பார்த்தேன். மச்சான் கதவைத் திறந்து ஒற்றை விரலால் தள்ளினார். மறுபடி திறந்தார். மனைவி போட்டுக்கொடுத்த டீ ஆறிப்போகும்வரை அவர் அதை விடவில்லை.