சர்வருக்குத் தெரிந்த தாய்மாமன்

வெப் சர்வீஸ்களுக்குத் தானியங்கிச் சோதனை எழுதுவது என் பிழைப்பு. இதில் சோதனை எழுதும் நேரத்தைவிட, உள்ளே விடச் சொல்லி சர்வரிடம் கெஞ்சும் நேரம்தான் அதிகம். கிளையண்ட் சர்டிபிகேட்டோடு மல்லுக்கட்டிய சகோதர சகோதரிகளுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரணமாக ஒரு இணையதளத்துக்குப் போனால், அதுதான் தன்னை யாரென்று நமக்குக் காட்டும். சில சர்வர்கள் அதோடு விடாது. நீ யார், அதையும் காட்டு என்று கேட்கும். அப்போது நீட்ட வேண்டிய கோப்புதான் இந்த சர்டிபிகேட். அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கும், அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டும் உண்டு. யார் கையில் அது இருக்கிறதோ அவரே அந்த ஆள் என்று சர்வர் நம்பிவிடும்.

மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்காக, கடைகள் ஆர்டர் போடும் சர்வீஸை நாங்கள் சோதித்துக்கொண்டிருந்த வாரம். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. குழந்தையை மடியில் வைத்து உட்கார வேண்டியவன் நான். வேலை முடியாமல் ஊரைவிட்டு நகரக் கூடாது என்று மேனேஜர் செல்வி மேடம் சொல்லிவிட்டார்.

குரூப்பில் வந்த சாவி

வியாபாரி தரப்பில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்ப்பவர் கார்மேகம் அண்ணன். தங்கமான மனிதர். சர்டிபிகேட் கேட்டேன், அனுப்பிவிட்டேன் என்றார். எனக்கு வரவில்லை. விசாரித்தால், கோப்பையும் பாஸ்வேர்டையும் சேர்த்து, சோழவந்தான் வரைக்கும் உள்ள மருந்துக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். யாரோ ஒரு கடைக்காரர் கைகூப்பி நன்றி வேறு சொல்லியிருந்தார். இனி இது செல்லாது, ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும் என்று நான் பதறியபோது அண்ணன் சாவகாசமாகச் சொன்னார்: "எல்லாம் நம்ம ஆளுகதான் தம்பி. யாரு என்ன செஞ்சிரப் போறாக?"

மேடம் கேட்ட கேள்வி

புது சர்டிபிகேட் வந்தது. என் கம்ப்யூட்டரில் சோதனைகள் ஜம்மென்று ஓடின. ஆபீஸில் ஆள் இல்லாமலே சோதனைகளை ஓட்டுவதற்கென்று ஒரு சர்வர் இருக்கிறது. அதில் போட்டால் எல்லாம் சிவப்பு, அத்தனையும் தோல்வி. நான் சர்டிபிகேட்டைப் பதிந்தது என் கணக்கில். அந்த சர்வர் ஓடுவது வேறொரு கணக்கில். அதன் கண்ணுக்கு என் சர்டிபிகேட் தெரியவே இல்லை.

இது என் மண்டையில் ஏறுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அதுவரை என் சீட்டில் இருந்தபடி நானே ஓட்டி, நானே ரிப்போர்ட் எடுத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற செல்வி மேடம் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ வந்து உக்காந்தாத்தான் ஓடும்னா, அதுக்குப் பேரு ஆட்டோமேஷனா முத்து?"

எல்லாம் பச்சை

அந்தக் கணக்கிலும் சர்டிபிகேட்டைப் பதிந்தேன். சனிக்கிழமை அந்த சர்வரிலும் எல்லாம் பச்சை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸுக்கே பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். என் சிநேகிதன் ஜெபராஜ் மட்டும் குடிக்கவில்லை. அவன் அப்பா அம்மா இருவரும் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர்கள். நூறு மார்க் எடுத்தவனைத்தான் முதலில் சந்தேகப்படுகிற குடும்பம். காலாவதியான சர்டிபிகேட்டைக் கொடுத்துப் பார்த்தான், பச்சை. சர்டிபிகேட்டே இல்லாமல் ஓட்டினான், அதுவும் பச்சை.

கார்மேகம் அண்ணனுக்குப் போன் போட்டேன். நாங்கள் சோதிக்கும் அவர்கள் சர்வரில் சர்டிபிகேட் கேட்கும் ஏற்பாட்டையே அவர் அணைத்து வைத்திருந்தார். ஏன் அண்ணே என்றால் குரலில் அவ்வளவு பாசம். "நீ வாசல்லயே கெடந்து இம்புட்டுப் பாடுபடுறியே, பாவம்னு தொறந்து விட்டேன்."

ஒரு காது

மறுபடி சர்டிபிகேட் கேட்க வைத்து, இல்லாதவனை சர்வர் துரத்துகிறதா என்று ஒரு சோதனையும் சேர்க்க ஞாயிறு காலை ஆகிவிட்டது. அதனால் கோச்சடையில் என் வீட்டில் இருந்த தாய்மாமன் சீர்த் தட்டுகளை ஜெபராஜோடு லோடு ஆட்டோவில் முன்னால் அனுப்பினேன். விசேஷம் என்று பட்டு வேட்டி சட்டையில் வந்திருந்தான். வேலை முடிந்ததும் டீ ஷர்ட்டும் லேப்டாப் பையுமாக பைக்கில் பறந்தேன்.

மண்டப வாசலில், என்னை முன்பின் பார்த்திராத அக்காவின் பெரிய மாமனார் மறித்து, பந்தி இன்னும் போடவில்லை, ஓரமாக உட்காருங்கள் என்றார். அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். மணையில் ஜெபராஜ். கழுத்தில் மாலை. மடியில் என் மருமகள். நல்ல நேரம் முடியப்போகிறது என்ற அவசரம். அக்காவும் அம்மாவும் பொங்கல் பானைப் பக்கம், அக்கா வீட்டுக்காரர் என்னைத் தேடி ரோட்டுக்குப் போய்விட்டார். நான் இல்லை, நான் இல்லை என்று ஜெபராஜ் சொன்னதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்களாம். ஆசாரி வலது காதைக் குத்தி முடித்திருந்தார். குழந்தை சிணுங்கக்கூட இல்லை.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நான்தான் தாய்மாமன் என்று கத்திக்கொண்டு ஓடி, மாலையை மாற்றி, இடது காதுக்கு நான் உட்கார்ந்தேன். என் மடிக்கு வந்ததும் குழந்தை மலையே அதிர அலறியது. பெரிய மாமனாரைக் கேட்டால் அவர் பக்கம் நியாயம் இருந்தது: "சீரோட வந்தவருதானப்பா தாய்மாமன்? இதுக்கு மேல அவுகள்ட்ட என்னத்தக் கேக்குறது?"

இன்றைக்கு என் மருமகளுக்குக் காதுக்கு ஒரு தாய்மாமன் இருக்கிறோம். இதில் நான்தான் அசல் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்த மருந்து வியாபாரியின் சர்வர் மட்டும்தான்.