பேய்க்கு வலிக்குமா?

படம் தொடங்கும்போதே "இது உண்மைச் சம்பவம்" என்று எழுத்து போட்டுவிட்டார்கள். அப்புறம் நான் நம்பாமல் என்ன செய்வேன்? எனக்கு எட்டு வயது. கோடை விடுமுறைக்கு, செங்கம் சாலையில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்த அன்றே, அத்தை மகனின் செல்போனில் அதைப் பார்த்துத் தொலைத்தேன். "எல்லாம் மேக்கப்புடி" என்று அவன் சிரித்தான். மேக்கப்பா? வெள்ளைத் துணி, விரித்த தலை, என்ன கேட்டாலும் வாயே திறக்காத முகம். மறுநாள் காலை அதே உருவம் அத்தை வீட்டு மாடிப்படியில் இறங்கி வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது.

மாடி அறையில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரப் பெண்தான். அத்தையிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் தன்னைப் பற்றி விசாரிப்பவரைத்தான் பேய் முதலில் பிடிக்கும் என்று படத்தில் காட்டியிருந்தார்களே!

அவளுக்குக் காலையில் பால் கொண்டுபோகும் வேலையை வேறு அத்தை என் தலையில் கட்டினாள். மூன்று நாள் டம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடி வந்தேன். நாலாம் நாள் பயந்து பயந்து எனக்கே அலுத்துவிட்டது. பேயைக் கிள்ளினால் அதற்கு வலிக்காது, கத்தாது என்பதும் அந்தப் படத்தில் பார்த்ததுதான். மொட்டை மாடியில் மலையைப் பார்த்துக் கண்மூடி உட்கார்ந்திருந்தவளின் பின்னால் போய், கையில் நறுக்கென்று கிள்ளினேன்.

"ஐயோ!" என்று சுத்தமான தமிழில் அலறினாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பேய் இல்ல அத்தே! பேசுது!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! நாப்பது நாளு பேசக் கூடாதுன்னு அந்தம்மா விரதம் இருக்குதுடி. இன்னும் மூணு நாளுதான் பாக்கி. கம்முனு இருக்க மாட்டியா நீ?"

மூன்று நாள்தானே, இருந்து முடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அவளுக்கும் என்மேல் கோபமில்லை. அன்று முழுக்க எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, தெரிந்த அரைகுறைத் தமிழில் ஓயாமல் பேசினாள். ஒரு பேயையே பேசவைத்த பெருமை எனக்கு.

மறுநாள் பாலை நேரே அவள் கையில் கொடுத்தேன். பழையபடி வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். ஒரு ஸ்பூன் சர்க்கரை குறைகிறதாக்கும் என்று கீழே ஓடி, எடுத்துவந்து போட்டேன். அந்த ஒரு விரலுக்கு முதல் நாள் என்று அர்த்தம் என்பதும், என்னால் அவள் நாற்பதையும் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறாள் என்பதும் அந்த வயதில் எனக்கு எங்கே புரிந்தது? அந்தத் தித்திப்புப் பாலை ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தாள்.