சீர்த்தட்டில் தட்டப்பயறு கேக்

எட்டு வயதில் என் மானம் போனது ஒரு தட்டப்பயறு கேக்கால்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். தங்கைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், தோடும் அவர் சீர்த்தட்டில்தான் வர வேண்டும். என் மாமாவுக்கு மதுக்கரைப் பக்கம் மானாவாரிக் காடு. அந்த வருஷம் மழை ஏமாற்றியதில் தட்டப்பயறு மட்டும்தான் கொஞ்சம் வீடு வந்து சேர்ந்திருந்தது.

நானோ பெரியப்பா மகளிடம், எங்கள் மாமா சீரில் கேக் வைப்பார் என்று ஒரு மாதமாக அளந்துகொண்டிருந்தேன். வைக்கப்போவது உண்மைதான். மாமாவின் மனைவி, என் அத்தை, குன்னூரில் வளர்ந்தவர். கேக் செய்யத் தெரியும். முதல் நாளே அம்மாவோடு மாமா வீட்டுக்குப் போயிருந்ததால் அதை நானே கூடநின்று பார்த்தேன். எங்கள் குலதெய்வக் கோயிலில் முட்டை ஆகாது. முட்டையில்லாத மைதா கேக் உதிர்ந்துபோகும் என்று அத்தை தட்டப்பயறை வேகவைத்து ஆட்டுக்கல்லில் வெண்ணெய் மாதிரி அரைத்தார். நாட்டுச்சர்க்கரை, நெய், ஏலக்காய், கொஞ்சம் சோடா உப்பு. அண்டாவில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, கலவைப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி மூடி, மூடியின் மேலும் தணலைப் பரப்பினார். வெந்து வந்தபோது பேக்கரி வாசலில் அடிக்கிற அதே வாசம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாதான் அத்தையிடம் கெஞ்சினார். "பயறுன்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மணி. எங்கூட்டுக்காரங்க வாயி சும்மா இருக்காது."

"நான் எதுக்குங்க நங்கை சொல்றேன்" என்றார் அத்தை. நாத்தனாரான அம்மாவை அவர் நங்கை என்றுதான் கூப்பிடுவார்.

கோயிலில் மாமா தட்டிலிருந்து தோட்டை எடுத்துக் கொடுக்க, ஆசாரி காது குத்தினார். தங்கை அழுது ஓய்ந்ததும் கேக்கைத் துண்டு போட்டார்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் தின்றார்கள். பெரியப்பா மகள் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினாள். அந்த நேரத்தில் பெரியம்மா தங்கையின் தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாமாவிடம், "ஏனுங்க, இது எத்தன கிராமுங்க? எந்தக் கடையில எடுத்தீங்க?" என்றார்.

மாமா தலையைச் சொறிந்தார். அத்தை முந்திக்கொண்டார். "அது கெடக்குதுங்க அக்கா. நீங்க தின்ன கேக்கு எதுல செஞ்சதுன்னு சொல்லுங்க பாக்கலாம்? தட்டப்பயறுங்க. எங்க காட்டுப் பயறு."

எல்லாரும் கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு பெரியப்பா ஆரம்பித்தார். "ஏ மாப்ள, சீர்த்தட்டுல சுண்டலக் கொண்டாந்து வெச்சுப்போட்டு கேக்குங்கறயா?"

கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பந்தியில் பயறுப் பேச்சு, கை கழுவுகிற இடத்திலும் அதே பேச்சு. பெரியப்பா மகள் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அத்தனை தூரம் சொல்லியும் உளறிக்கொட்டிய இந்த அத்தைக்குப் புத்தி எங்கே போயிற்று என்று பல்லைக் கடித்தேன். திரும்பும்போது வேனில் அத்தை பக்கத்து இடத்தைத் தட்டிக்காட்டி, "இங்க வா கண்ணு" என்றார். காதில் விழாதவள் போல டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அம்மாவாவது அத்தையை நாலு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மாவோ ஊர் வந்து சேரும்வரை அத்தையின் கையைப் பிடித்த பிடி விடவில்லை. அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அதற்குச் சில நாள் முன்பு அம்மா தன் பழைய கம்மலை அழித்துக் குழந்தைத் தோடு செய்யக் கொடுத்தபோது, நகைக்கடையில் நானும்தான் கூட இருந்தேன். அப்பாவிடம் சொல்லாதே என்று எனக்குக் கடலைமிட்டாய்கூட வாங்கிக் கொடுத்தார். அந்தத் தோடு எப்படி மாமாவின் தட்டில் வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பயறைச் சொல்லிச் சிரித்ததில் பெரியம்மா தான் கேட்ட கேள்வியையே மறந்துபோனதும் எனக்கு உறைக்கவில்லை.