பத்தாவது பெட்டி

காலைத் தேநீர் ஆறுவதற்குள் செய்தி வந்தது. ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார், மாரடைப்பு. சின்ன காஞ்சிபுரத்தில் தறிகளுக்கு, சேலையில் டிசைன் எடுக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி செய்து கொடுத்த அவரை உங்களில் பலர் அறிவீர்கள். எட்டு வருஷம் அவர் எதிர் மேசையில் உட்கார்ந்து அந்தப் பெட்டிகளுக்குள் ரெசிஸ்டர் பொருத்தியவள் நான். எனக்கு அழுகைக்கு முன்னால் வந்தது பயம். பத்தாவது பெட்டி இன்னும் கிடைக்கவில்லை.

தப்பு என்னுடையது. கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரின் மதிப்பை அதன் நிறக் கோடுகள் சொல்லும்; மூன்றாவது கோடு சிவப்பென்றால் ஆயிரம் ஓம், பழுப்பென்றால் நூறு. நான் நெசவுக் குடும்பம். பட்டு நூலில் அரக்கையும் சிவப்பையும் ஒரே வரிசையில் அடுக்கிப் பழகியவள். பழுப்புக் கோட்டை அரக்காகப் பார்த்து, சிவப்போடு சேர்த்துவிட்டேன். ஆயிரம் ஓம் இருக்கவேண்டிய இடத்தில் நூறு ஓம். பத்துப் பெட்டிகள் அப்படியே வெளியே போய்விட்டன.

"தடை பத்துல ஒண்ணா கொறைஞ்சா கரண்ட் பத்து மடங்கு ஓடும்மா. வோல்டேஜ் அதேதானே? சூடும் பத்து மடங்கு," என்றார் அண்ணன். திட்டியிருந்தால் தேவலை. கால் வாட் தாங்கும் பொடி ரெசிஸ்டர், ஒன்றரை வாட்டில் வெந்துகொண்டிருக்கும். பெட்டிக்கு நேர் கீழே, தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு.

வீடு வீடாகப் போனோம். எல்லோரிடமும் தன் தப்பு என்றே சொன்னார். மாற்றிய ரெசிஸ்டரை அரைமணி ஓடவிட்டு, தொட்டுப் பார்ப்பார். "வெரல் தாங்குனாதான் மூடி போடணும்." மூன்றாவது வீட்டில் சர்க்யூட் பலகையே கருகியிருந்தது. ஒன்பது கிடைத்தன, பத்தாவது கைமாறிப் போயிருந்தது. அன்றிலிருந்து தீயணைப்பு வண்டி மணி கேட்டால் போதும், வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்குப் போய், எந்தத் திசை என்று பார்ப்பார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில், தாமல் கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். பழைய பெட்டி ஒன்று வாங்கி, பாவு இல்லாமல் சும்மா வைத்திருந்தார்களாம். "நேத்துதான் தறி போட்டோம். பெட்டி கொதிக்குது, தீயற வாசன வந்துக்கினே இருக்குது. அண்ணங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

இப்போது தறி நிற்கிறதா என்று கேட்டேன்.

"ஓடிக்கினுதாம்மா இருக்குது. எங்க வீட்டுக்காரரு நெய்யிறாரு."

அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், நாலாவது தடவைதான் எடுத்தார். பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து ஓடினேன். ரெசிஸ்டர் கரியாகியிருந்தது. அதன் ஓரத்து வயர் உறையும் உருகத் தொடங்கியிருந்தது. அண்ணனுக்கு ஒரு பிடி மண் போட நான் நிற்கவில்லை. அவரும் நின்றிருக்க மாட்டார்.

பத்தும் கிடைத்துவிட்டன. ஆனாலும் வண்டி மணி கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்த் திசை பார்க்கிறேன். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.