மரத்த நாக்கோடு புதுச்சேரிக்கு

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ பதினான்கு மைல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் பேருந்துக் கட்டணம் ஐம்பது நயா பைசா. அந்தப் பதினான்கு மைலுக்குள் இரண்டு சட்டங்கள் இருந்தன. கன்னியக்கோயில் வரைக்கும் மதுவிலக்கு. அதைத் தாண்டிவிட்டால் யாரும் எதையும் குடிக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகியும் மதுக்கடைகள் போகவில்லை. ஆனால் திரும்பி வரும்போது எல்லையில் நம் மாநிலத்துப் போலீஸ்காரர் வண்டிக்குள் ஏறி, சந்தேகத்துக்கு உரியவரை ஊதச் சொல்வார். வாடை வந்தால் இறக்கிவிடுவார். கூலிக்காரனுக்கு அபராதத்தோடு போகும். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவனுக்கு வேலையே போகும்.

நான் கடலூரில் ஓர் அரசாங்கப் பள்ளியில் சரித்திர ஆசிரியன். அப்போது வயது நாற்பத்தாறு. மூன்று பெண்களுக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது.

புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி வண்டியில் ஏறினேன். புதுச்சேரியில் சிறிய ஹோட்டல் நடத்திவந்த சவரிநாதன் என்பவர் என்னை அழைத்திருந்தார். ஒரு கல்யாண விருந்தில் அவருக்கு அறிமுகமானேன். படிப்பு முடிந்ததும் கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் ஐந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அங்கே ஸ்காட்லாந்து தேசத்து மேலாளர் ஒருவர் மாலை வேளைகளில் தம் ஊர் விஸ்கியை ருசி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அதைக் கல்யாண விருந்தில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவைத்தேன். சவரிநாதன் மறக்கவில்லை. "ஒரு பாட்டில் வந்திருக்குது. நீங்க வந்து ருசி பாத்துச் சொல்லணும்" என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு மணிலாக்கொட்டை வியாபாரி. ஞாயிறு தவறாமல் புதுச்சேரி போகிறவர். என் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"மொதல் தடவையா?"

"ஒரு நண்பரைப் பார்க்கப் போகிறேன்."

"எல்லாரும் நண்பரத்தான் பாக்கப் போறோம்." மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் கிராம்பு நாலைத் தட்டினார். "இத இப்பவே கன்னத்துல அடக்கிக்கிங்க சார். குடிச்சப்புறம் போட்டா ரெண்டு வாடையும் சேந்து வரும். முன்னாடியே போட்டு ஊற வெச்சிட்டா சாயங்காலம் அவன் மூக்க வெச்சாலும் கிராம்புதான். எட்டு வருசமா நான் மாட்டல."

கல்கத்தாவில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம் நினைவுக்கு வந்தது. ருசி பார்க்கும் நாளில் வெற்றிலை கூடாது, புகையிலை கூடாது, காரம் மசாலா எதுவும் நாக்கில் படக் கூடாது. அந்தப் பாடத்தைச் சொல்லி மறுக்கத்தான் வாயெடுத்தேன். அப்போது கன்னியக்கோயில் வந்தது. எதிர்த்திசையில் நின்ற வண்டியிலிருந்து இறக்கப்பட்ட ஒருவன் புளியமரத்தடியில் குந்தியிருந்தான். சட்டையைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. என் பள்ளி எழுத்தரின் முதுகு போல இருந்தது. அவர் இல்லை என்று தெரிந்த பிறகும் நாலு கிராம்பையும் வாயில் போட்டுக்கொண்டேன்.

கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முதலியார்பேட்டை. இறங்கியபோது மணி ஒன்பதே கால். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் கடற்கரைப் பக்கம் போக முப்பது நயா பைசா கேட்டார். நடந்தே போகிறேன் என்றேன்.

"கடலூரா சார்? போவும்போது நடப்பீங்க, வரும்போது எங்களத்தான் தேடுவீங்க" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குடையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தேன்.

பெரிய வாய்க்காலைத் தாண்டினால் ஊர் மாறிவிடும். மஞ்சள் பூச்சுச் சுவர்கள், உயரமான மரக்கதவுகள், சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கும் காகிதப்பூ. கோயிலுக்குப் போய்த் திரும்பும் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி, "போன்ழூர் முசியே" என்றார். பதிலுக்கு நானும் சொல்லிப் பார்த்தேன். நாக்கின் நுனி மரத்துப்போயிருந்தது. அப்போதே தெரிந்தது. சவரிநாதனிடம் இதை நான் மறைக்கக் கூடாது.

சவரிநாதனின் ஹோட்டல் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே. மேலே ஆறு அறைகள், கீழே சாப்பாட்டுக் கூடம், அதன் மூலையில் மதுபானங்கள் வைத்த கண்ணாடி அலமாரி. அவர் சைகோனில் பதினைந்து வருடம் இருந்து திரும்பியவர். வெள்ளைக் கால்சட்டை, நரைத்த மீசை. கையைக் குலுக்கி உட்காரவைத்துவிட்டு, "அருள்தாசு!" என்று குரல் கொடுத்தார்.

வந்தவனுக்கு ஐம்பது வயது இருக்கும். அங்கே பதினோரு வருட வேலை. அலமாரிச் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கும். அன்று தொங்கவில்லை. மேஜைமேல் கிடந்தது.

சவரிநாதன் அப்போதுதான் காரணத்தைச் சொன்னார். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த சரக்குக் கப்பலின் இஞ்சினியர் ஒருவர், சாப்பிட்ட திருப்தியில் அவருக்கு அந்தப் பாட்டிலைப் பரிசாகக் கொடுத்துப் போனார். ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடித்த விஸ்கி. சந்தைக்கு வரும் கலப்பு விஸ்கி அல்ல. சவரிநாதன் அதைத் தாமே திறந்து, ஒன்றிரண்டு பேருக்கு ருசி காட்டிவிட்டு அலமாரியில் வைத்தார். சில நாள் கழித்துத் தம் முக்கியமான வாடிக்கையாளரான ஒரு கடலூர் கண்டிராக்டருக்கு ஊற்றினார். ஒரு வாய் குடித்த கண்டிராக்டர், கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே, "உன் ஆளு குடிச்சிட்டுத் தண்ணி ரொப்பியிருக்கான்யா" என்று சொல்லிவிட்டார்.

"நான் கோஞாக் பிராந்தி குடிக்கிறவன். விஸ்கி எனக்குத் தெரியாது. நீங்க சொல்றதுதான் முடிவு" என்றார் சவரிநாதன். "கலந்திருக்குதுன்னா இவன் இன்னிக்கே வெளியே. இல்லேன்னா அந்தக் கண்டிராக்டரையே நான் மன்னிப்புக் கேக்க வைப்பேன்."

ருசி பார்க்கும் பெருமைக்காக வந்தவன், ஒருவனுடைய பிழைப்பின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

அருள்தாஸ் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். "சார், அலமாரியப் பாருங்க. ரம் இருக்குது, பிராந்தி இருக்குது, ஏறுனா எறங்காத சரக்கெல்லாம் இருக்குது. திருடுறவன் அத உட்டுட்டு, தண்ணி மாரி இருக்குதுன்னு எல்லாரும் சொல்ற இதப் போயா திருடுவான்?"

"வாய மூடுடா" என்றார் சவரிநாதன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் கொல்லைப்பக்கம் போய்க் கிராம்பைத் துப்பி, மூன்று முறை வாய் கொப்பளித்தேன். திரும்பி வந்தபோது கண்ணாடிக் குவளையில் விரற்கடை அளவு ஊற்றியிருந்தது. நிறம் வெளிறிய வைக்கோல். வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினேன். உள்சுவரில் ஏறிய விஸ்கி, எண்ணெயைப் போல, மெல்லக் கோடு கோடாக இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கலந்திருந்தால் அப்படி இறங்காது, சட்டென்று ஓடிவிடும். அது எனக்குத் தெரியும். கண் சரியான சாட்சியைத்தான் சொல்லிற்று.

மூக்கை வைத்தேன். கிராம்பு வந்தது. ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினேன். நாக்கில் ஒன்றுமே இல்லை. தொண்டையில் மட்டும் இலேசான வெதுவெதுப்பு. முரட்டு விஸ்கியாக இருந்திருந்தால் மரத்த நாக்கையும் அறைந்து எழுப்பியிருக்கும். இது சாதுவானது. என் பயத்துக்கு எதிரே வாய் பேசத் தெரியாதது.

"இரண்டு மணி நேரம் பொறுங்கள், என் நாக்கு மரத்திருக்கிறது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏன் மரத்தது என்பார். போலீசுக்குப் பயந்து கிராம்பு மென்று வந்தேன் என்று, அவ்வளவு பெருமை அடித்துக்கொண்டவன் எப்படிச் சொல்வது? காத்திருந்தால் மத்தியான வண்டியும் போய்விடும். சாயங்கால வண்டியில் வருகிறவர்களெல்லாம் குடித்தவர்கள் என்று ஒருவர் விடாமல் ஊதச் சொல்வார்கள். கலப்பில்லை என்று சொன்னாலோ ருசியை வர்ணிக்கச் சொல்வார்; வர்ணிக்க என் நாக்கில் ஒன்றும் இல்லை.

"தண்ணீர் சேர்ந்திருக்கிறது" என்றேன்.

"எவ்வளவு?"

"மூன்றில் ஒரு பங்கு."

ஏன் அந்தக் கணக்கைச் சொன்னேன்? பொய்யாக ஆனபின் அது முழுதாக இருக்கட்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

அருள்தாஸ் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான். "இன்னொரு சொட்டு உட்டுப் பாருங்க சார்" என்றான்.

"போதும்."

விடைபெற்றுக்கொண்டு வாசலில் ரிக்‌ஷாவைக் கைதட்டி அழைத்தேன். பின்னாலேயே வந்த அருள்தாஸ், "அந்த வண்டியில ஏறாதீங்க சார், அவன் போட்டிருக்கான். வாய்க்கால்ல எறக்கிடுவான்" என்று சொல்லி, வேறு வண்டி பிடித்துக் கொடுத்தான். பதினோரு வருடப் பழக்கம் அவனை அந்த நிமிடத்திலும் வேலை செய்ய வைத்தது.

மத்தியானம் பன்னிரண்டு மணி வண்டி. வழியில் கடையில் புதிதாகக் கிராம்பு வாங்கி அடக்கியிருந்தேன். கன்னியக்கோயிலில் ஓர் இளைய போலீஸ்காரர் ஏறினார். என் எதிரில் நின்று முகர்ந்தார்.

"பல்லு வலியா?"

தலையாட்டினேன். அவர் அடுத்த வரிசைக்குப் போனார்.

எல்லை தாண்டியதும் கிராம்பைத் துப்பினேன். பெண்ணையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது ஓர் ஏப்பம் வந்தது. அதோடு அந்த விஸ்கியும் வந்தது. தேன், வறுத்த பார்லி, கடைசியில் எலுமிச்சைத் தோலைக் கீறினாற்போல ஒரு மணம். மங்கலாகத்தான், ஆனால் எங்கும் அறுபடாமல். தண்ணீர் ரொப்பிய விஸ்கி இவ்வளவு நேரம் தங்காது. இறங்கி அடுத்த வண்டியில் திரும்பியிருக்கலாம். மீண்டும் கன்னியக்கோயிலா என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் பயணம் அரைப்பரீட்சை விடுமுறையில். அன்று காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை. சவரிநாதன் என்னைக் கட்டிக்கொண்டார்.

"நீங்க சொன்னது சரிதான் சார். அவனே ஒத்துக்கிட்டான்!"

அந்தப் பாட்டிலில் மிச்சம் இருந்ததை மரியாதைக்காக எனக்கு ஊற்றினார். குடித்தேன். கல்கத்தாவிலும் அதைவிட மென்மையான விஸ்கியை நான் குடித்ததில்லை. முதலில் ஈரப்புல், பிறகு தேன், பிறகு நெடுநேரம் பார்லி. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை.

"தண்ணி கலந்தும் பரவாயில்ல, இல்ல?" என்றார்.

"பரவாயில்லை" என்றேன். அருள்தாஸ் எங்கே என்று கேட்டேன்.

அவர் சொன்னபடி பெரிய மார்க்கெட்டில் மீன் பகுதிக்குள் போனேன். தரையெல்லாம் செதிலும் தண்ணீரும். அருள்தாஸ் சாக்கு விரித்து ஐஸ் பாளத்தைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தான். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"ஏன் ஒத்துக்கொண்டாய்?"

"எங்க மொதலாளி முசியே, ஒத்துக்கலேன்னா போலீசுன்னாரு. அதுக்குக்கூட நான் பயப்படல சார். ஊட்டுல அவகிட்ட சொன்னேன். 'கடலூரு வாத்தியாருக்கு உன்மேல இன்னாய்யா பகை, அவரு ஏன் பொய் சொல்லப்போறாரு'ன்னா. நாயந்தானே? அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. தூக்கத்துல எழுந்து குடிச்சிட்டேனோன்னு."

அங்கேயே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிராம்பு, போலீஸ், மரத்த நாக்கு. அவன் என்னை அடித்திருந்தால் தேவலை. அவன் சிரித்தான். சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் மீன் விற்ற பெண், "இன்னா அருளு, பேய் புடிச்சிச்சா?" என்றாள்.

"கிராம்பு சார்! ஒரு கிராம்பா?"

"நாலு."

"நாலா!" மறுபடி சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "அப்போ நான் குடிக்கல."

"இல்லை."

"இத முசியேகிட்ட நீங்க தனியா சொன்னா பிரயோசனமில்ல சார். நாலு பேரு முன்னாடிதான என்ன திருடன்னாங்க? ஞாயித்துக்கெழம மத்தியானம், கூடம் ரொம்பியிருக்கும், அந்தக் கண்டிராக்டரும் இருப்பாரு. அப்ப வந்து சொல்லுங்க. அது போதும். வேலகூட வேணாம்."

"வருகிற ஞாயிறு வருகிறேன்" என்றேன். அவன் ஈரக் கையால் என் கையைப் பிடித்தான். திரும்பும்போது எல்லையில் நல்ல மழை. போலீஸ்காரர் வண்டியில் ஏறவேயில்லை.

வாரம் முழுவதும் அந்தக் கூடத்தை நினைத்தேன். ஞாயிறு மத்தியானம் அங்கே உட்காருகிறவர்களில் பாதிப் பேர் கடலூர்க்காரர்கள். என் மாணவர்களின் தகப்பன்மார். அவர்கள் எதிரே எழுந்து, இன்ன தேதியில் இந்த மேஜையில் நான் விஸ்கி குடித்தேன் என்று சொல்ல வேண்டும். அவர்களும் குடிக்கிறவர்கள்தான். ஆனால் அவர்கள் வாத்தியார்கள் அல்ல. திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியர் அறைக்குச் செய்தி வந்துவிடும்.

இப்படிப் பயணக் கட்டுரை எழுதுகிறவன் போன ஊரைத்தான் எழுத வேண்டும். அதன் பிறகு நான் பம்பாய் போயிருக்கிறேன், காசி போயிருக்கிறேன், மகளோடு சிங்கப்பூர்கூடப் போயிருக்கிறேன். இப்போது எண்பது வயதுக்கு மேல், எந்தப் பயணம் தூரமானது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் ஏதோ ஓர் ஊரைச் சொல்லிவைக்கிறேன்.

அந்த ஞாயிறு காலை சலவை வேட்டி கட்டிக்கொண்டு, திருப்பாதிரிப்புலியூரில் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனேன். நடத்துநர் படியில் தொங்கியபடி, "பாண்டி, பாண்டி" என்று கூவினார். உள்ளே ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது.

"ஏறுறீங்களா சார்? வண்டி எடுக்கப்போறோம்."

"அடுத்த வண்டியில் வருகிறேன்" என்றேன். அன்று மத்தியானம் வரை நாலு வண்டிகள் போயின. நாலு நடத்துநர்களிடமும் அதையே சொன்னேன்.