கொசுவுக்கு நடை கிடைத்த கதை

எங்கள் சித்தப்பா ஒரு கொசுவை நடக்க வைக்கப் படாத பாடுபட்டார். பறக்கிற பிராணியை எதற்கு நடக்க வைக்க வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்தமானில், போர்ட் பிளேரில் மலேரியா ஒழிப்புக்காகக் காட்டப்போகும் குட்டி கார்ட்டூன் படம் அது. அரசாங்க அலுவலகத்தில் கட்டிட வரைபடம் போடுகிறவர் என்பதால் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு படம் வரைய வேண்டும். மரைன் ஹில் குன்றில் எங்கள் வீட்டு மேசை முழுக்கக் கொசுக்கள். ஒன்றுக்கும் உயிர் வரவில்லை.

அன்று துறைமுகத்தில் கப்பல் ஊதியது. கப்பல் வந்தால் எங்கள் அத்தையைப் பிடிக்க முடியாது. அப்பாவுக்கு அக்கா, தாயில்லாத சித்தப்பாவைத் தூக்கி வளர்த்தவள், எங்களோடுதான் இருந்தாள். இறங்குகிறவர்களிடம் ஊர்ச் சேதி பிடுங்கி, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

"ஜகாஜ் வந்துருச்சு! மெயின்லேண்ட் சேதியெல்லாம் ஆறிப்போறதுக்குள்ள ஓடணும். ஹடோ, ஹடோ! வழி விடுங்க!" என்று முந்தானையை இடுப்பில் செருகினாள். முழங்கை இரண்டும் விரிய, மூக்கு முன்னே போக, வாசலுக்கு வாசல் கழுத்தை நீட்டியபடி இறங்கினாள்.

சித்தப்பா பென்சிலைக் கீழே போட்டு என் பக்கம் திரும்பினார்.

"கெடச்சிருச்சுடி! நீ அப்படியே நடந்து காட்டு. அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை இதே கப்பல்ல ஏத்திருவா."

அத்தை இல்லாத நேரமெல்லாம் நான் அத்தையாக நடந்தேன். மாட்டிக்கொள்வோம் என்ற பயமே பாதி இனிப்பு. சித்தப்பா கொசுவுக்குக் கொண்டை போட்டார், முந்தானை செருகினார். தாள்களை விரலால் படபடவென்று விட்டுக் காட்டியபோது சிறகு முளைத்த அத்தை குடுகுடுவென்று ஓடினாள்! எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

படம் மெட்ராசுக்குப் போய் ரீலாகத் திரும்பி வந்தது. பள்ளி மைதானத்தில் திரை கட்டினார்கள். வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று குன்றே திரண்டிருந்தது. கொசு வீடு வீடாகக் கழுத்தை நீட்டியதும் கூட்டம் வெடித்துச் சிரித்தது. பல தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. நான் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினேன்.

ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அத்தைதான். "யாருடி இவ? நம்ம கம்பவுண்டர் பொண்டாட்டி மாதிரியே போறா!"

"அக்காவுக்கு அது தான்தான்னு தெரியல," என்று சித்தப்பா என் காதில் சொன்னார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் ஒரு பெரிய செருப்பு ஓங்கி வந்தது. "மார்! மார்! அடி!" என்று மைதானமே கத்தியது, நானும் தொண்டை கிழியக் கத்தினேன். கொசு நசுங்கியபோது அத்தையும் கைதட்டினாள்.

அடுத்த கப்பல் ஊதியபோது அத்தை எழுந்திருக்கவில்லை.

"போகலியா அத்தை?"

"முழங்கால் வலிக்குதுடி," என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பாவம், வயதாகிவிட்டது என்று நினைத்தேன். தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, இரண்டு முழங்காலிலும் அழுத்தித் தேய்த்துவிட்டேன். எந்தக் கால் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.